துலாக்கோலை நிறுத்துப் பார்த்த நாடு
அல்பேனிய நீதித்துறைச் சீர்திருத்தமும் பன்னாட்டு ஒத்துழைப்பும்

என் தந்தையார் ஒரு வரப்புத் தகராற்றின் பொருட்டுப் பதினான்கு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவர். வழக்கில் தோற்றது அவரை அத்துணை வருத்தவில்லை. தீர்ப்பு இன்னதென்பது எதிர்த்தரப்பாருக்கு ஒரு வாரம் முன்னரே தெரியும் என்று ஊரில் எழுந்த பேச்சே அவரை இறுதிவரை வருத்திற்று. அப்பேச்சு மெய்யா பொய்யா என நிறுவ அவரிடம் வழியில்லை. அந்நீதிபதி குற்றமற்றவராக இருந்திருப்பின், தம் தூய்மையை நிறுவிக்கொள்ள அவருக்கும் வழியில்லை. வழக்கைத் தீர்ப்பவரின் நேர்மையைத் தீர்ப்பவர் யார் என்னும் வினா அன்று தொட்டு என்னுள் இருந்து வருகிறது.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, அவ்வினாவுக்கு ஒரு நாடு முழுமையாக விடை காண முயன்ற கதையை எழுதலாம் எனத் துணிந்தேன். அந்நாடு அல்பேனியா. கிரேக்கத்துக்கு வடக்கே ஏட்ரியாட்டிக் கடலோரம் அமைந்த சிறு நாடு அது. 2023ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். அன்னை தெரசா அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதும், தலைநகர் திரானாவின் வானூர்தி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதும் நம்மில் சிலர் அறிந்திருக்கலாம். இலக்கிய அன்பர்கள் அந்நாட்டை இஸ்மாயில் கதாரே வழியாக அறிவர். 2005இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பன்னாட்டு மேன் புக்கர் பரிசைப் பெற்ற அவர் 2024 ஜூலை 1 அன்று திரானாவில் மறைந்தார். நானும் அல்பேனியாவுக்குள் நுழைந்தது அவருடைய நாவலொன்றின் வாயிலாகத்தான்.

வழக்காறும் சட்டமும்

அந்நாவலின் பெயர் ‘முறிந்த ஏப்ரல்’. அண்ணனைக் கொன்றவனைத் தம்பி சுட்டுக் கொல்கிறான். மரபுப்படி அவனுக்கு முப்பது நாள் உயிர்ப்பிச்சை கிடைக்கிறது. அதன்பின் அவனைக் கொல்லும் உரிமை எதிர்க்குடும்பத்துக்கு உண்டு. இதனைக் கற்பனை என்று ஒதுக்குதற்கில்லை. வட அல்பேனிய மலைநாட்டில் நூற்றாண்டுகளாக வாய்மொழியாக வழங்கிவந்த ‘கானூன்’ என்னும் வழக்காற்றுச் சட்டம் பழிக்குப் பழியையும், விருந்தோம்பலையும், ‘பெசா’ எனப்படும் கொடுத்த வாக்கின் தூய்மையையும் ஒருசேர வரையறுத்தது. ஷ்டிஃபன் ஜெச்சோவி என்னும் பிரான்சிஸ்கன் துறவி இதனை ஊர் ஊராகச் சென்று திரட்டினார். 1929இல் அவர் கொலையுண்டார். அவருடைய தொகுப்பு 1933இல் நூலாக வெளிவந்தது.

உதுமானியப் பேரரசின் ஆட்சியில் பல நூற்றாண்டுகள் இருந்த அல்பேனியா 1912 நவம்பர் 28 அன்று விடுதலையை அறிவித்தது. அரசர் சோகு காலத்தில் 1929இல் இயற்றப்பட்ட குடிமைச் சட்டத் தொகுப்பு பெரிதும் பிரெஞ்சுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. எனினும் தலைநகரில் அச்சான சட்டம் மலைநாட்டை எட்டவில்லை. 1939 ஏப்ரலில் இத்தாலி படையெடுத்தது. அதன்பின் போர். ஆக, அரசின் நீதிமன்றமே நீதியின் இருப்பிடம் என்னும் எண்ணம் வேரூன்றுவதற்குப் போதிய காலம் அந்நாட்டுக்கு வாய்க்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கட்சியே நீதியான காலம்

1944 நவம்பரில் ஆட்சிக்கு வந்த என்வர் ஹோஜா 1985இல் இறக்கும்வரை நாற்பதாண்டுகள் நாட்டைத் தம் பிடியில் வைத்திருந்தார். யூகோசுலாவியா, சோவியத் ஒன்றியம், சீனா என ஒவ்வொரு நட்பு நாட்டையும் அவர் அடுத்தடுத்து முறித்துக்கொண்டார். 1967இல் சமய வழிபாடு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பலரும் அறிந்த இச்செய்திக்கு அருகில், பலரும் அறியாத இன்னொரு செய்தியும் உண்டு. அதே ஆண்டில் வழக்கறிஞர் தொழிலும் ஒழிக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்காகப் பேச ஒருவரை அமர்த்திக்கொள்ளும் உரிமையே இல்லாமற்போயிற்று. நீதி அமைச்சகமும் அறுபதுகளில் கலைக்கப்பட்டது. இவ்விரண்டும் மீண்டும் உயிர்பெற்றது 1990இல்தான்.

ஒரு தலைமுறை முழுவதும் வழக்கறிஞரைக் காணாமலே வளர்ந்தது. நீதிபதி என்பவர் கட்சியின் முடிவைப் படித்துக் காட்டுபவர் என்றே மக்கள் கண்டனர். இப்பின்புலத்தை விட்டுவிட்டுப் பின்னர் நேர்ந்தவற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

பிரமிடுகள் சரிந்த ஆண்டு

1991இல் பலகட்சித் தேர்தல் வந்தது. 1992இல் ஆட்சி மாறியது. பழைய நீதிபதிகளை அகற்றினால் அவர்கள் இடத்தில் அமர்த்த ஆளில்லை. 1993இல் ஆறு மாதச் சட்டப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் நீதிபதிகளாகவும் அரசு வழக்குரைஞர்களாகவும் அமர்த்தப்பட்டனர். கட்சிக்குக் கட்டுப்பட்டவர் சென்று, கட்சிக்குக் கடமைப்பட்டவர் வந்தார் எனலாம்.

அவ்வேளையில் அவர்கள் முன் வந்து குவிந்தவை நில வழக்குகள். 1991ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுப்பண்ணை நிலங்களை அதில் உழைத்த குடும்பங்களுக்குப் பகிர்ந்தளித்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டமோ பொதுவுடைமை ஆட்சி பறிமுதல் செய்த சொத்துகளைப் பழைய உடைமையாளருக்குத் திருப்பித் தர முற்பட்டது. ஒரே மண்ணுக்கு இருவர் உரிமை கோரினர். இருவர் கையிலும் அரசின் தாள் இருந்தது. இத்தகைய வழக்கில் நீதிபதியின் ஒரு கையொப்பம் ஒரு குடும்பத்தைச் செல்வராக்கும். இன்னொரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும். கையூட்டு எங்கிருந்து பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை.

1997இல் நாடே சரிந்தது. மிகுவட்டி ஆசை காட்டிய ‘பிரமிடு’ நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. மக்களில் மூன்றில் இரு பங்கினர் அவற்றில் பணம் போட்டிருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. படைக்கலக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. நீதிமன்றக் கட்டடங்களும் தப்பவில்லை. ஏறத்தாழ 2000 பேர் மாண்டனர். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 1101ஆம் தீர்மானத்தின்படி இத்தாலி தலைமையில் ஏறத்தாழ 7000 வீரர் கொண்ட பன்னாட்டுப் படை வந்து இறங்கிய பின்னரே அமைதி திரும்பியது. மலைநாட்டில் ‘கானூன்’ மீண்டும் தலைதூக்கிற்று. பழிக்கு அஞ்சிச் சிறுவர்கள் பள்ளிக்குச் செல்லாது வீட்டுக்குள்ளேயே அடைபட்ட குடும்பங்கள் இருந்தன. நீதிமன்றம் நம்பிக்கை இழந்த இடத்தில் துப்பாக்கி நீதிபதியாயிற்று.

ஐரோப்பாவின் வாயிலில்

இச்சரிவிலிருந்து மீளும் வழியாக அல்பேனியா ஐரோப்பாவை நோக்கியது. 1995 ஜூலையில் அது ஐரோப்பிய மன்றத்தில் உறுப்பு நாடாகிவிட்டது. 1996இல் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையை ஏற்றது. அதே ஆண்டில் ஐரோப்பிய மன்றத்தின் துணையுடன் நீதிபதிகளுக்கான பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. 1998 நவம்பரில் பொது வாக்கெடுப்பில் நிறைவேறிய அரசியலமைப்புச் சட்டத்தை வரைவதில், ஐரோப்பிய மன்றத்தின் சட்ட அறிவுரைக் குழுவான வெனிஸ் ஆணையம் துணைநின்றது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விழையும் நாடு நிலையான மக்களாட்சி நிறுவனங்களையும் சட்டத்தின் ஆட்சியையும் பெற்றிருக்க வேண்டும் என 1993இல் கோபன்ஹேகனில் வரையறுக்கப்பட்டது. 2003இல் தெசலோனிகி மாநாடு மேற்குப் பால்கன் நாடுகளுக்கு உறுப்புரிமை வாக்களித்தது. 2005 முதல் ‘யூராலியஸ்’ என்னும் ஒன்றியத் திட்டத்தின் வல்லுநர்கள் திரானாவில் நீதி அமைச்சகத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் அறிவுரை வழங்கினர். அமெரிக்க நீதித்துறையின் வல்லுநர்களும் இருந்தனர். 2009 ஏப்ரலில் அல்பேனியா உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 2014 ஜூனில் வேட்பாளர் நாடு என்னும் தகுதியைப் பெற்றது.

இங்கு ஓர் உண்மையை மறைக்காது கூறவேண்டும். 1996 முதல் 2014 வரை பயிற்சிகள் நடந்தன, கருத்தரங்குகள் நடந்தன, சட்டங்கள் திருத்தப்பட்டன. ஆனால் மக்களின் ஐயம் குறையவில்லை. நல்ல சட்டத்தைத் தீயவர் கையில் கொடுத்தால் பயன் என்ன என்னும் எளிய வினாவுக்கு வல்லுநர் அறிக்கைகளில் விடையில்லை. நாட்டின் நீதிபதி ஒருவரின் மாத ஊதியத்தையும் அவர் வாழும் மாளிகையையும் ஒப்பிட்டுப் பார்க்கக் குடிமகனுக்கு எந்த வல்லுநரும் தேவைப்படவில்லை.

140 வாக்குகள்

2014 நவம்பரில் நாடாளுமன்றம் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கென ஒரு தனிக்குழுவை அமைத்தது. உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் அதற்குத் துணையிருந்தனர். நீதித்துறையின் நிலையை அலசிய நீண்ட அறிக்கையொன்று 2015இல் வெளிவந்தது. அதன் அடிப்படையில் எழுந்ததே, பணியிலுள்ள நீதிபதிகள், அரசு வழக்குரைஞர்கள் அனைவரையும் மீள மதிப்பிடுவது என்னும் திட்டம். அவர்கள் ஏறத்தாழ 800 பேர்.

நீதிபதிகளின் பணிப் பாதுகாப்பு நீதித்துறைச் சுதந்திரத்தின் உயிர்நாடி. அதனை ஒரே வீச்சில் திறந்துவிடுவது நன்றா? வெனிஸ் ஆணையம் இதனை எளிதில் ஏற்கவில்லை. இயல்பான சூழலில் இத்தகைய ஒட்டுமொத்த மதிப்பீடு விரும்பத்தக்கதன்று என்றும், எனினும் அல்பேனியாவின் நெருக்கடி அசாதாரண வழியை நியாயப்படுத்தக்கூடும் என்றும், அது காலவரையறைக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்றும் அது கருத்துரைத்தது. மருந்து நஞ்சாகவும் கூடும் என்பதை அறிந்தே மருத்துவர் அதனை எழுதிக் கொடுத்தார் எனலாம்.

ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையே மாதக்கணக்கில் இழுபறி நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியத் தூதர் ரொமானா விளாகூத்தினும் அமெரிக்கத் தூதர் டொனால்ட் லூவும் வெளிப்படையாகவே இரு தரப்பினரையும் நெருக்கினர். 2016 ஜூலை 21 அன்று நள்ளிரவையொட்டி நடந்த வாக்கெடுப்பில் நாடாளுமன்ற உறுப்பினர் 140 பேரும் ஆதரவாக வாக்களித்தனர். எதிர்வாக்கு ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் எதிரியெனக் கருதிய கட்சிகள் ஒன்றுபட்டது நாட்டுநலன் கருதியா, வெளியார் நெருக்கடியாலா என்று அன்றே பலர் கேட்டனர். இரண்டாலும்தான் என்பதே வரலாற்று மாணவர் கூறத்தக்க விடை. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் மறுமதிப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது.

ஒருமித்த வாக்கு ஒருமித்த மனமாகிவிடவில்லை. 2017 பிப்ரவரியில் எதிர்க்கட்சியினர் திரானாவின் பெருஞ்சாலையில் கூடாரம் அடித்து அமர்ந்தனர், நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தனர். மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே, ஜூனில் மதிப்பீட்டு அமைப்புகளுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

மதிப்பீடு நடந்த முறை

மூன்று அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. முதலாவது சொத்து: தம்முடையதும் தம் குடும்பத்தினருடையதுமான உடைமை எவ்வழி வந்தது என நீதிபதி விளக்கவேண்டும். இரண்டாவது பின்னணி: குற்றக்கும்பல்களோடு தகாத தொடர்பு உண்டா என ஆராயப்படும். மூன்றாவது தொழில்திறம்: அவர் எழுதிய தீர்ப்புகளும் ஆவணங்களும் படித்துப் பார்க்கப்படும்.

இவற்றுள் முதலாவதே கூர்வாளாயிற்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு நீதிபதியின் மீது சுமத்தப்பட்டது. முறையான வருவாயால் விளக்கத்தக்க அளவைப்போல் இருமடங்குக்கு மேல் சொத்து இருப்பின், மாற்றுச் சான்று காட்டாதவரை அவர் தவறிழைத்தவர் என்றே கொள்ளப்படும் என அரசியலமைப்பின் இணைப்பே கூறிற்று. பதவி விலக விரும்புவோர் விலகலாம். அவர்மீதான மதிப்பீடு அத்துடன் முடியும். ஆனால் 15 ஆண்டுகள் நீதிபதியாகவோ அரசு வழக்குரைஞராகவோ மீள இயலாது. பலர் இவ்வாயிலைத் தேர்ந்தனர்.

முதல்நிலையில் 12 உறுப்பினர் கொண்ட தகுதி ஆணையம்; அதன் முடிவின்மேல் 7 நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு ஆயம்; மக்கள் நலன் கருதி மேல்முறையீடு செய்யும் உரிமையுடைய பொது ஆணையர் இருவர். இவர்கள் அனைவரும் அல்பேனியர். இவர்களுக்கு அருகில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைமையில், ஒன்றிய நாடுகளும் அமெரிக்காவும் பங்கேற்ற பன்னாட்டுக் கண்காணிப்புக் குழு அமர்ந்தது. தம் நாட்டு நீதித்துறையில் 15 ஆண்டுகளுக்குக் குறையாத பட்டறிவு உடையவர்களே அதன் நோக்கர்களாயினர். அவர்கள் கோப்புகளைப் பார்க்கலாம். தம் முடிபுகளைப் பதிவு செய்யலாம். மேல்முறையீடு செய்யுமாறு பொது ஆணையருக்குப் பரிந்துரைக்கலாம். பரிந்துரையை ஏற்க மறுக்கும் ஆணையர் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஆனால் தீர்ப்பு எழுதும் உரிமை நோக்கர்க்கு இல்லை.

இந்த வரையறை நுட்பமானது. அண்டையிலுள்ள கொசோவோவில் 2008 முதல் ஒன்றியத்தின் வெளிநாட்டு நீதிபதிகளே அமர்ந்து தீர்ப்பளித்தனர். போஸ்னியாவில் 2002 முதல் 2004 வரை நீதிபதிப் பதவிகள் அனைத்தும் புதிதாக விளம்பரப்படுத்தப்பட்டு, வெளிநாட்டாரும் அங்கம் வகித்த அமைப்புகளால் நிரப்பப்பட்டன. அல்பேனியா இவ்விரண்டையும் தவிர்த்து, முடிவு நம்முடையது, கண் பிறருடையது என்னும் நடுவழியைத் தேர்ந்தது. பின்னர் உக்ரைனும் மால்டோவாவும் தத்தம் நீதிபதிகளைத் தெரிவுசெய்யும் முறையில் பன்னாட்டு வல்லுநர்க்கு இடமளித்தன.

இன்னொன்றையும் நான் தனித்துக் குறிப்பிட விரும்புகிறேன். எந்தக் குடிமகனும் ஒரு நீதிபதியைப் பற்றித் தாம் அறிந்ததை ஆணையத்துக்கு எழுதலாம் என்று சட்டம் இடந்தந்தது. விசாரணைகள் வெளிப்படையாக நடந்தன. முடிவுகள் காரணங்களுடன் வெளியிடப்பட்டன. ஊர்ப்பேச்சு சான்றாக மாறவும், சான்றில்லையேல் பேச்சாகவே உதிரவும் ஒரு களம் அமைந்தது.

வெற்று நாற்காலிகள்

விளைவுகள் வடிவமைத்தோரே எண்ணிப் பார்த்திராத அளவுக்குக் கடுமையாயின. முதல்நிலை மதிப்பீடு 2024ஆம் ஆண்டு இறுதியில் நிறைவுற்றபோது, மதிப்பிடப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டோ விலகியோ வேறு வகையில் பதவி முடிந்தோ வெளியேறியிருந்தனர். நீக்கப்பட்டவருள் பெரும்பாலோர் வீழ்ந்தது சொத்துக் கணக்கில்தான்.

மதிப்பீடு மேல்மட்டத்திலிருந்து தொடங்கியதால், உயர் மன்றங்களே முதலில் வெறுமையாயின. ஒன்பது பேர் கொண்ட அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 2018இல் ஒரே ஒருவர் எஞ்சினார். உச்ச நீதிமன்றத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்கோரே இருந்தனர். அங்குத் தேங்கிய வழக்குகள் 30,000த்தைக் கடந்தன. 2019 ஜூனில் குடியரசுத் தலைவர் உள்ளாட்சித் தேர்தலை நீக்கம் செய்து ஆணையிட்டார். அரசு தேர்தலை நடத்தியே தீருவோம் என்றது. எது சட்டப்படி சரி எனக் கூறவேண்டிய அரசியலமைப்பு நீதிமன்றம் அன்று செயற்படும் நிலையில் இல்லை. எதிர்க்கட்சி புறக்கணிக்கத் தேர்தல் நடந்து முடிந்தது. அம்மன்றம் 2020ஆம் ஆண்டு இறுதியில்தான் மீண்டும் போதிய உறுப்பினரைப் பெற்றது.

கீழ் மன்றங்களிலும் சுமை ஏறியது. பயிற்சிப் பள்ளியில் ஒரு நீதிபதியை உருவாக்க மூன்றாண்டுகள் ஆகும். நீக்க ஒரு நாள் போதும். ஆட்பற்றாக்குறையால் 2023இல் நீதிமன்றங்களின் வரைபடமே மாற்றப்பட்டது. ஆறு பொது மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றாக்கப்பட்டுத் திரானாவில் வைக்கப்பட்டன. மாவட்ட நீதிமன்றங்கள் 22இலிருந்து 13ஆகக் குறைந்தன. தென்கோடி ஊரிலிருந்து மேல்முறையீட்டுக்குத் தலைநகர் வரை செல்லவேண்டிய முதியவரை எண்ணிப் பார்க்கையில், சீர்திருத்தத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பது விளங்கும். கையூட்டு வாங்கும் நீதிபதியால் நீதி கெடும். நீதிபதியே இல்லாவிடினும் நீதி கெடும். இவ்விரண்டனுள் எது பெருங்கேடு என்று வழக்காளியிடம் கேட்டால், அவர் தம் வழக்குக்கேற்ப விடை கூறுவார்.

நீதிபதிகளுக்கும் நீதி

நீக்கப்பட்டோரும் குடிமக்களே, அவர்களுக்கும் நீதி கேட்கும் உரிமை உண்டு. அவர்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். ‘ஜோஜாய் எதிர் அல்பேனியா’ என்னும் வழக்கில், நீக்கப்பட்ட அரசியலமைப்பு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் முறையீட்டை அம்மன்றம் விசாரித்து 2021 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பளித்தது. மதிப்பீட்டு அமைப்புகள் சுதந்திரமானவையே என்றும், உடன்படிக்கை மீறப்படவில்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். மாறுபட்ட தீர்ப்பெழுதியோரும் இருந்தனர்.

ஆயினும் அம்மன்றம் எல்லா நீக்கங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் தரவில்லை. 2022 டிசம்பரில் அரசு வழக்குரைஞரான பெண்மணி ஒருவரின் வழக்கில் அது வேறு முடிவுக்கு வந்தது. கணவரின் வருவாயில் ஒரு பகுதிக்கு வரி செலுத்தப்பட்டதைக் காட்ட இயலாமை ஒன்றையே முதன்மைக் காரணமாகக் கொண்டு அவரைப் பதவி நீக்கியது அளவுக்கு மிஞ்சிய தண்டனை என அது கூறிற்று. தராசை நிறுத்துப் பார்த்தவர்களின் தராசும் நிறுக்கப்பட்டது. பன்னாட்டு ஒத்துழைப்பின் மிகச் சிறந்த பயனாக நான் காண்பது இதனைத்தான். தூதர்களின் நெருக்குதலைக் காட்டிலும், தவறு நேர்ந்தால் திருத்தும் இன்னொரு மன்றம் இருந்ததே நீடித்த நன்மை.

அஞ்சத் தொடங்கிய அதிகாரம்

சீர்திருத்தத்தின் மறுபாதி, ஊழலையும் திட்டமிட்ட குற்றத்தையும் விசாரிக்கும் சிறப்பு வழக்குரைஞர் அமைப்பு. ‘ஸ்பாக்’ என அழைக்கப்படும் அது 2019 டிசம்பரில் உருவானது. அங்குப் பணியாற்றுவோரும் அவர்தம் நெருங்கிய குடும்பத்தினரும் தம் வங்கிக் கணக்குகளும் தொலைத்தொடர்புகளும் கண்காணிக்கப்பட எழுத்தில் இசைவு தரவேண்டும். முன்னாள் அமைச்சர்கள் தண்டிக்கப்பட்டனர். 2024 அக்டோபரில் எதிரணியைச் சேர்ந்த முன்னாள் குடியரசுத் தலைவரும், 2025 பிப்ரவரியில் ஆளுங்கட்சியைச் சேர்ந்த திரானா மாநகரத் தலைவரும் கைதாயினர். இருவரும் குற்றச்சாட்டை மறுத்தனர். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் முப்பதாண்டுகளாக எவரும் தொடத் துணியாத உயரத்தைச் சட்டம் தொட்டது என்பது மறுக்கவியலாதது. ஒன்றியத்துடனான இணைப்புப் பேச்சு 2022 ஜூலையில் முறையாகத் தொடங்கியது. நீதித்துறையை உள்ளடக்கிய ‘அடிப்படைகள்’ என்னும் முதல் தொகுதி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. முதலில் திறந்து இறுதியில் மூடப்படும் தொகுதி அதுவே.

நிறைவாக

2025 அக்டோபர் 6 அன்று திரானா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கின் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வழக்கில் தொடர்புடைய ஒருவர் துப்பாக்கியை எடுத்து நீதிபதியைச் சுட்டுக் கொன்றார். எதிர்த்தரப்பினர் இருவர் காயமுற்றனர். கதாரேயின் நாவலில் மலையடிவாரத்தில் வெடித்த துப்பாக்கி, தலைநகரின் நீதிமன்றக் கூடத்துக்குள் வெடித்தது. இக்கொடுமைக்கு எந்த நியாயமும் இல்லை. இதனைக் கொண்டு சீர்திருத்தம் தோற்றது எனக் கூறுவதும் முறையன்று. ஆனால் 140 வாக்குகளாலும், நூற்றுக்கணக்கான பதவி நீக்கங்களாலும், கடல் கடந்து வந்த நோக்கர்களாலும் மட்டும் நம்பிக்கை விளைந்துவிடாது என்பதை அது நினைவூட்டுகிறது.

வெளியார் துணை எதனைத் தரும், எதனைத் தராது என்பதற்கு அல்பேனியா ஒரு பாடம். உள்நாட்டார் ஒருவரையொருவர் நம்பாத நேரத்தில் வெளியாரின் கண் ஒரு சாட்சியாக நிற்கும். அஞ்சும் ஆணையருக்கு அது துணிவைத் தரும். மறைக்க எண்ணுவோர்க்கு அச்சத்தைத் தரும். ஆனால் அக்கண் ஒருநாள் தன் நாட்டுக்குத் திரும்பிவிடும். அதன்பின்னர் அமரும் நீதிபதி, எவரும் பாராதபோதும் நேராக நிற்பவராக இருத்தல் வேண்டும். அத்தகையோரைப் பள்ளியும் குடும்பமும் சமூகமும்தான் உருவாக்கித் தரவேண்டும். ‘பெசா’ என்று அம்மக்கள் போற்றிய சொல் மாறாமையைப் பழிவாங்கலிலிருந்து பிரித்தெடுத்து நீதிமன்றத்தில் அமர்த்த முடியுமாயின், அதுவே அந்நாட்டின் மெய்யான சீர்திருத்தமாகும்.

என் தந்தையாரின் வழக்குக் கட்டு இன்றும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அவர் கேட்க விரும்பிய வினாவைக் கேட்க அவருக்கு ஓர் இடம் இருந்திருந்தால், விடை எதுவாயினும் அவர் அமைதியுற்றிருப்பார் என்றே எண்ணுகிறேன். அத்தகைய ஓர் இடத்தை, பிழைகளோடும் இழப்புகளோடும், ஒரு சிறு நாடு தன் மக்களுக்காகச் சில ஆண்டுகளேனும் திறந்து வைத்தது. வரலாற்றில் அதற்குரிய இடம் உண்டு.